வெள்ளை நூல் கட்டிய பாட்டில்

லிப்னிட்சா,
செப்டம்பர் மாதம், திராட்சை அறுப்புக்கு முந்தின வாரம்.

வலென்சியாவில் இருக்கும் மகள் ரலிட்சாவுக்கு, ஆற்றங்கரை வீட்டு ஸ்டெரியோ பெரியப்பா சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு இல்கா எழுதும் கடிதம். நீ சுகமாக இருக்க வேண்டும். இங்கே முழங்கால் தவிர மற்றதெல்லாம் சுகம். கண் தெரிகிறது. காது, தனக்குத் தேவையானதை மட்டும் கேட்கிறது. எழுத்துதான் எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. அதனால் இதில் பிழை இருந்தால் அது இல்காவுடையது, பொய் இருந்தால் என்னுடையது என்று வைத்துக்கொள்.

உன் விலாசத்தைச் சந்தையில் மிளகாய் விற்கும் உன் அத்தை கொடுத்தாள். நீ முதலில் ஆரஞ்சுப் பழம் அடுக்கும் கொட்டகையில் இருந்தாய் என்றும், இப்போது ஓர் ஆஸ்பத்திரிச் சோதனைக்கூடத்தில் பாட்டில் கழுவும் வேலை பார்க்கிறாய் என்றும் சொன்னாள். வாங்கிய மிளகாயை அவள் தராசிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடு என்கிறாள் இல்கா. ஆடு மேய்த்தவன் நேர்க்கோட்டில் நடந்ததில்லை, நான் சுற்றித்தான் வருவேன். ஆனாலும் இந்த ஒன்றை முன்னால் வைத்துவிடுகிறேன். உன் வெள்ளை நூல் பாட்டில்களில் இருந்த அழுக்கு உன் கை அழுக்கு அல்ல. அது எங்கள் வீட்டிலிருந்து போனது. அன்று அத்தனை பேர் நடுவில் நீ என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டபோது நான் சொன்ன பதில் சரியில்லை. இப்போது மிச்சத்தைக் கேள்.

நீ முதல் தடவை வந்தது மார்ச் மாதம் முதல் செவ்வாய். ஆற்றோரம் வெயில் படாத பக்கம் இன்னும் பனி இருந்தது. தோல் ஆலையின் ஜீப்பில் வந்தாய். பின்னால் நீல நிறப் பெட்டி. எஞ்சினியர் திராக்னெவ் இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கி, ஆலையும் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கப் போகின்றன, இத்தாலிக்காரர்கள் தோல் வாங்க வேண்டுமென்றால் தண்ணீருக்குச் சான்று கேட்கிறார்கள், நீ ஆற்றங்கரைக்காரன், மாதம் ஒரு நாள் வேலை, வாயை மூடிக்கொண்டு செய் என்று சொல்லிவிட்டுப் போனான். நீ சேற்றில் நின்றுகொண்டு எனக்குக் கை கொடுத்தாய். ஆலை சம்பந்தப்பட்ட யாரும் அதுவரை எனக்குக் கை கொடுத்ததில்லை.

அன்று நீ பாட்டில்களில் எழுதி ஒட்டியிருந்த காகிதங்களை என்னிடம் காட்டி, இது மேல் பாலம், இது பழைய மாவு ஆலை என்று சொல்லிக்கொண்டே வந்தாய். நான் தலையை ஆட்டினேன். பிறகு ஒன்றை என் கையில் தந்து, இது எந்த இடம் என்று கேட்டாய். நான் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன். நீ பார்த்தாய். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. உன் மணிக்கட்டில், மார்ச் பிறந்ததும் இங்கே எல்லோரும் கட்டிக்கொள்ளும் சிவப்பு வெள்ளைக் கயிறு இருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு வீட்டுக்கு வந்து பனயோட்டாவிடம், பெரியம்மா, தறியில் மிச்சமான கம்பளி நூல் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாய். காகிதம் ஈரத்தில் உரிந்துவிடுகிறதாம். எனக்காகச் சொன்ன அந்தப் பொய்யை நான் மறக்கவில்லை.

மேல் பாலம் சிவப்பு. மாவு ஆலை மஞ்சள். ஆலைக்கு முன்னால் பச்சை. ஆலைக் குழாய் விழும் இடம் நீலம். பாப்லர் மரங்களுக்குக் கீழே பழுப்பு. ஆடு கடக்கும் துறை கறுப்பு. ஏழாவது வெள்ளை. நாங்கள் மந்தையோடு மலை மாறிக்கொண்டே இருந்த கரகச்சான் கூட்டம். அரசாங்கம் எங்களை ஓரிடத்தில் உட்கார வைத்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. பள்ளிக்கூடத்துக்கு அது மிகவும் தாமதம். ஆனால் முந்நூறு ஆட்டை முகம் பார்த்துச் சொல்வேன். ஆறு இடமும் ஏழு நிறமும் எனக்கு ஒரு பாரமா? அதன்பின் ஒரு தடவைகூட நான் இடம் மாற்றியதில்லை. அதை நீயும் அறிவாய்.

அந்தப் பதினைந்து மாதங்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நடை இலேசாகிறது. நீ வரும் மாதங்களில் பனயோட்டா விடியும் முன்பே மாவு பிசைந்து, பாலாடைக்கட்டி வைத்துப் பனிட்சா சுடுவாள். ஒரு தடவை கறுப்புத் துறையில் நீ வழுக்கி இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாய். ஆனால் பாட்டிலை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாய். பனயோட்டா உனக்குத் தன் கம்பளிப் பாவாடையைக் கட்டிவிட்டு, இப்போதுதான் நீ பெண் மாதிரி இருக்கிறாய், பல்கலைக்கழகத்துக்கு இப்படியே போ, மாப்பிள்ளை அங்கேயே கிடைப்பான் என்றாள். பல்கலைக்கழகத்தில் இருக்கிற ஆண்களெல்லாம் பாட்டிலைத்தான் பார்ப்பார்கள் என்றாய் நீ. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் நாய் எழுந்து வெளியே போய்விட்டது.

நீ வராத மாதங்களில் பெட்டி காலைப் பேருந்தில் வரும், மறுநாள் காலைப் பேருந்தில் போகும். அது வெறும் பாட்டிலோடு போனதாக எனக்கு நினைவில்லை. மூலையில் வால்நட், காய்ந்த பிளம், துணியில் கட்டிய பாலாடைக்கட்டி. ஈஸ்டருக்கு ஒரு சிவப்பு முட்டை. அதை நீ உன் மேசையில் வைத்திருப்பதாக எழுதினாய். இல்காதான் அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினாள். பனயோட்டா அதை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள்.

இனி வெள்ளை நூல்.

முதல் நாளே நீ சொன்னாய். ஆறு பாட்டில் காலியாக வரும், ஆற்றில் நிரப்ப வேண்டும். ஏழாவது நிரம்பியே வரும். அதை ஆற்றங்கரையில் திறந்து, கொஞ்ச நேரம் காற்றுப்பட வைத்து, மூடி அப்படியே அனுப்ப வேண்டும். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். காய்ச்சி வடித்த தண்ணீர், அதில் ஒன்றுமே இல்லை என்றாய். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவன் நிறையக் கேட்க மாட்டான், மகளே. ஒரு கேள்வி கேட்டால் தனக்குத் தெரியாத பத்தும் வெளியே வந்துவிடும் என்று பயப்படுவான்.

நீ முற்றத்தில் மற்றவற்றுக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தபோது, நான் அதை உள்ளே கொண்டுபோய்ப் பனயோட்டாவிடம் சொன்னேன். அவள் மூடியைத் திறந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். அவள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஒண்ணுமில்லாத தண்ணிய வாங்கிட்டு ஒண்ணுமில்லாத தண்ணியவே திருப்பிக் குடுக்கறதா? நம்ம வீட்டுக்கு வந்த பாத்திரம் என்னிக்கு வெறுமனே திரும்பிப் போயிருக்கு? அந்தப் பொண்ணு நம்மளப் பத்தி என்ன நெனைக்கும்?"

உனக்கு எங்கள் வழக்கம் தெரியும். பக்கத்து வீட்டிலிருந்து பாத்திரத்தில் பீன்ஸ் வந்தால், திரும்பும்போது அதில் நான்கு முட்டையாவது போக வேண்டும். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை உப்பாவது. வெறும் பாத்திரம் போனால் இரண்டு வீட்டிலும் இல்லாமை வரும் என்பார்கள். என் அம்மா கூடாரத்தில் இருந்த காலத்திலேயே அப்படித்தான்.

அந்தத் தண்ணீரை அவள் ஜன்னலோரம் இருந்த ஜெரேனியச் செடிக்கு ஊற்றினாள். பாட்டிலைக் கழுவினாள். எங்கள் சந்துக் கிணற்றிலிருந்து புதிதாக ஒரு வாளி இறைத்து நிரப்பினாள். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் போட்ட காப்பிக்காக மேல் தெருக்காரர்களும் கூஜாவோடு வருவார்கள். அதைவிட நல்ல தண்ணீர் இந்த ஊரில் கிடையாது என்று நாங்கள் நினைத்திருந்தோம். மூடியை இறுக்கி, நூலைச் சரிசெய்து, போம்மா, போய் அந்தப் படிச்ச புள்ளைக்கு ருசியா இரு என்று பாட்டிலிடமே சொன்னாள். நானும் சிரித்தேன். ஆற்றங்கரையில் திறந்தேன், மூடினேன், அனுப்பினேன். மாதாமாதம் இதுதான் நடந்தது. நீ வந்த மாதங்களில், நீ முன்னறையில் பனிட்சா சாப்பிடும்போதே சமையலறையில் இது முடிந்துவிடும்.

இனி, மறு வருஷத்து ஜூன் முதல் திங்கட்கிழமைக்கு வருகிறேன். ஆலையின் சாப்பாட்டு மண்டபம். நீண்ட மேசைகளைச் சேர்த்துப் போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். இந்தப் பக்கம் ஆலைக்காரர்கள், அந்தப் பக்கம் உன் பேராசிரியர் பொஷ்கோவும் பல்கலைக்கழகத்து ஆட்களும். என்னைக் கதவோரம் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஆற்றுத் தண்ணீரில், தோல் பதனிடப் போடும் குரோமியம் கொஞ்சம்தான் இருக்கிறது, ஆனால் ஒன்றுமே இருக்கக்கூடாத வெள்ளைப் பாட்டிலில் அதைவிட அதிகம் இருக்கிறது என்று பேராசிரியர் படித்தார். திராக்னெவ் நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

"எங்க ஆத்துத் தண்ணி உங்க பல்கலைக்கழகத்துச் சுத்தத் தண்ணியவிடச் சுத்தமா இருக்கு புரொபசர். இனிமே காப்பி குடிக்கறதுக்கு நீங்க இங்க வந்துடுங்க."

மண்டபமே சிரித்தது. பேராசிரியரும் சிரித்தார். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் உன்னைப் பார்த்து, பாட்டில் கழுவத் தெரியாதவங்களுக்கு முனைவர் பட்டம் எதுக்கும்மா என்று கேட்டார். பதினைந்தில் மூன்று மாதம்தான் வெள்ளைப் பாட்டில் சுத்தமாக இருந்ததாம், மற்ற பன்னிரண்டு மாதமும் உன் கவனம் எங்கே போயிற்று என்றார். அந்த மூன்றையும் படித்தார். ஆகஸ்ட், ஜனவரி, பிப்ரவரி.

நீ என் பக்கம் திரும்பினாய். உன் முகம் சுவர் வெள்ளையாக இருந்தது.

"பெரியப்பா, வெள்ளை நூல் பாட்டில ஆத்துல தெறந்து மூடினீங்க இல்ல? வேற ஒண்ணும் செய்யலையே?"

"நீ சொன்னபடிதாம்மா செஞ்சேன்" என்றேன்.

திறந்தது உண்மை. மூடியது உண்மை. அதற்குள் என்னை ஒளித்துக்கொண்டேன்.

ஏன் என்று கேட்பாய். அத்தனை டை கட்டிய ஆட்கள் முன்னால், என் பெண்டாட்டி அதைச் செடிக்கு ஊற்றிவிட்டாள் என்று சொன்னால் என்ன ஆகும்? ஆட்டுக்காரக் கூட்டத்தை நம்பிப் பாட்டிலைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும் என்று திராக்னெவ் சொல்வான். மறுபடி சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு பனயோட்டாவின் மேல் விழுவதை நான் தாங்க மாட்டேன் என்று நினைத்தேன். உன் மேல் விழுந்ததைத் தாங்கிக்கொண்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் எழுதிப் பயனில்லை. பேராசிரியர் அந்த மூன்று மாதத்தைப் படித்த கணமே எனக்குள் ஏதோ இடறியது. ஆகஸ்டில் பனயோட்டா வீட்டில் இல்லை. அவள் அக்காவுக்கு இடுப்பெலும்பு முறிந்து, பத்து நாள் அங்கே இருந்தாள். அந்த மாதம் மட்டும் உன் தண்ணீர் உன் தண்ணீராகவே வந்தது. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் கிணற்றுச் சங்கிலி பனியில் இறுகிக் கிடந்தது. அவள் மேலே செயிண்ட் எலியா ஊற்றுக்குப் போய் நிரப்பி வந்தாள். மூன்று மாதமும் கிணற்றுத் தண்ணீர் இல்லாத மாதம். மந்தையில் மூன்று ஆடு குறைந்தால் எந்த மூன்று என்று எண்ணாமலே தெரிந்துவிடும் எனக்கு. அப்படித்தான் தெரிந்தது. என்ன தெரிந்தது என்று புரியவில்லை, ஆனால் தெரிந்தது. 

வெளியே பேருந்து நிற்கும் இடத்தில் நீ என் தோளில் கை வைத்து, உங்க மேல தப்பில்ல பெரியப்பா, எங்கயோ என் கைதான் என்றாய். பனயோட்டா உனக்காக வைத்திருந்த செர்ரிப் பழப் பையை வாங்கிக்கொண்டு ஏறினாய். கண்ணாடி வழியாகக் கை ஆட்டினாய். அதுதான் உன்னைக் கடைசியாகப் பார்த்தது.

அதன்பின் இங்கே நடந்தவற்றைச் சொல்கிறேன். உன் எண்களையெல்லாம் தள்ளிவிட்டு ஆலைக்கு வேறு யாரோ ஒரு சான்று கொடுத்தார்கள். இத்தாலிக்காரர்கள் மூன்று வருஷம் தோல் வாங்கினார்கள், பிறகு வாங்கவில்லை. ஆலை மூடியது. திராக்னெவ் கடற்கரைப் பக்கம் போய் ஹோட்டல் வைத்திருப்பதாகக் கேள்வி. பனயோட்டா நான்காவது வருஷம் போய்ச் சேர்ந்தாள். சிறுநீரகம். முதலில் கால் வீங்கியது, பிறகு முகம். காப்பியை மட்டும் கடைசி வாரம்வரை விடவில்லை. படுக்கையில் இருந்துகொண்டு, அந்தப் படிச்ச புள்ள ஏன் பெட்டி அனுப்பவே இல்லை என்று கேட்பாள். அனுப்புவாள் என்பேன். அப்ப வால்நட்ட ஒடச்சு வெய்யி என்பாள். உடைத்து வைப்பேன்.

இந்த வருஷம் ஏப்ரலில் பெட்டி வந்தது.

பழைய ஆலை நிலத்தை ஏதோ புதுக் கம்பெனி வாங்கியிருக்கிறது. கட்டடம் எழுப்பும் முன் மண்ணையும் தண்ணீரையும் பார்த்துச் சொல்லும்படி பல்கலைக்கழகத்தோடு கூட்டுச் சேர்ந்திருக்கிறார்கள். கமென் என்று ஓர் ஆராய்ச்சிக்காரன் வந்தான். தாடி வைத்தவன், நல்ல பசிக்காரன். ஆற்றை அறிந்த ஆள் வேண்டும் என்று கேட்டு, ஊரார் என்னைக் காட்டினார்கள். பெட்டியைத் திறந்தேன். ஏழு பாட்டில். அவன் சொல்லும் முன்பே, எது காலி, எது நிரம்பியது என்று நான் சொல்லிவிட்டேன். உள்ளே போய்ப் பனயோட்டாவின் பெட்டியிலிருந்து நூல் எடுத்து வந்து கட்டினேன். பூச்சி அரித்ததுபோக எல்லா நிறமும் இருந்தன.

வெள்ளை நூல் பாட்டிலைக் கையில் எடுத்தபோது எனக்கு அவள்தான் நினைவுக்கு வந்தாள். அவள் செய்ததை நான் செய்யாமல் விட்டால் அவள் இரண்டாம் தடவை செத்ததுபோல ஆகிவிடும் என்று தோன்றியது. கிணற்றடிக்குப் போய், அந்தத் தண்ணீரை வேலியோரம் ஊற்றினேன். வாளியை இறக்கினேன். பின்னால் கமெனின் குரல் கேட்டது.

"தாத்தா, என்ன பண்றீங்க?"

சொன்னேன். வெறும் பாத்திரம் திருப்பி அனுப்புவது எங்கள் வழக்கமில்லை என்றேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நல்லவேளை பாத்தேன், இன்னும் ரெண்டு வால்நட்டும் உள்ள போட்டிருப்பீங்க என்றான். பிறகு அந்தப் பாட்டில் எதற்கு என்று விளக்கினான். இருபது வருஷம் நான் கேட்காமல் விட்டதை அவன் கேட்காமலே சொன்னான். பாட்டிலில், கையில், காற்றில், வழியில் ஏதாவது அழுக்கு ஒட்டினால் அந்த ஒன்றுமில்லாத தண்ணீர் காட்டிக்கொடுத்துவிடுமாம். "அது சாட்சி தாத்தா. மத்த ஆறு பாட்டிலும் சொல்றது நெசமான்னு இதுதான் சொல்லணும்" என்றான்.

நாங்கள் சாட்சிக்கு விருந்து வைத்து அனுப்பியிருக்கிறோம், மகளே.

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தான். முன்னாடியும் இப்பிடித்தான் செஞ்சீங்களா என்று மெதுவாகக் கேட்டான். ஆமாம் என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு எனக்கு இருபது வருஷம் ஆயிற்று. அவன் எழுந்தான். வேறு ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பித் தன் பையில் தனியாக வைத்துக்கொண்டான்.

இரண்டு வாரம் கழித்து ஊர்த்தலைவரோடு வந்து கிணற்றுக்கு இரும்பு மூடி போட்டுப் பூட்டினான். ஆலைக்குப் பின்னால், நான் பிறந்த வருஷத்தில் வெட்டிய பழைய குழி ஒன்று இருந்ததாம். தோல் கழிவையும் சேற்றையும் அதில் கொட்டி, நிரம்பியதும் மண்போட்டு மூடி, மேலே பாப்லர் நட்டிருக்கிறார்கள். அது ஆற்றுக்குப் போகவில்லை. மண்ணுக்குள்ளேயே நடந்து எங்கள் சந்துக்கு வந்திருக்கிறது. பனயோட்டாவைப் பற்றிக் கேட்டேன். அதனால்தான் என்று கமென் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவளுக்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம் என்றான். நல்ல பிள்ளை.

இந்த இடத்தில் இல்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அவளிடம் இதையெல்லாம் நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும், கடிதத்தோடு சேர்த்துத்தான் சொன்னேன். கிணற்றில் ஏதோ கெட்டிருக்கிறது என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். எழுந்து போய் என் சமையலறை ஜன்னல் வழியாகப் பூட்டிய கிணற்றைப் பார்த்தாள். அவள் புருஷனும் அந்தக் காப்பிதான் குடித்தான். திரும்பி வந்து, "அண்ணே, அன்னிக்கு மண்டபத்துல நீ வாயத் தெறந்திருந்தா அவங்க கெணத்தப் பாத்திருப்பாங்க இல்ல?" என்று கேட்டாள். பார்த்திருப்பார்கள் என்றேன். பனயோட்டா போவதற்கு நான்கு வருஷம் முன்னாலேயே பார்த்திருப்பார்கள். அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் பேனாவை எடுத்து, சொல்லு, மேல என்ன என்றாள். அவள் என்னைத் திட்டவே இல்லை என்பதையும் எழுது என்றேன். எழுதுகிறாள்.

மேலே இது. கமென் பல்கலைக்கழகத்து நிலவறையிலிருந்து உன் நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்துவந்தான். அட்டையில் 'தள்ளுபடி' என்று முத்திரை இருப்பதாகச் சொன்னான். அதை என் மேசையில் வைத்து, நான் பார்க்க முடியாதபடி கையால் மறைத்துக்கொண்டான். மறைக்காவிட்டாலும் எனக்கு ஒன்றுதான் என்றேன். ஒவ்வொரு மாதமாக, வெள்ளைப் பாட்டிலில் எந்தத் தண்ணீர் போயிற்று என்று கேட்டான். மார்ச், கிணறு. ஏப்ரல், கிணறு, ஈஸ்டருக்கு முன்னால். ஜூலை, கிணறு, ஆனால் அந்த வாரம் மூன்று நாள் மழை, தண்ணீர் மேலே ஏறியிருந்தது. அக்டோபர், கிணறு, வறட்சி, வாளி அடியில் இடித்தது. இப்படிப் பதினைந்தும் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு அவன் கையை எடுத்து உன் எண்ணைப் பார்ப்பான். மழை மாதத்தில் குறைவு, வறட்சி மாதத்தில் அதிகம், ஊற்று மாதங்களில் ஒன்றுமில்லை. கடைசிக்கு வந்தபோது அவன் நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தான்.

"இது அழுக்கே இல்ல தாத்தா. அந்தக் கெணத்தோட பதினஞ்சு மாசச் சரித்திரம். அவங்களுக்கே தெரியாம அவங்க அத அளந்து வெச்சிருக்காங்க, ஒரு எண்கூடத் தப்பில்லாம."

ஒரு எண்கூடத் தப்பில்லாமல். இதை இல்காவை இரண்டு தடவை எழுதச் சொல்லியிருக்கிறேன். உன் கை சுத்தமான கை. பல்கலைக்கழகத்தில் இருந்த எந்தக் கையையும்விடச் சுத்தமான கை.

செயிண்ட் திமித்ரி நாளன்று, அக்டோபர் இருபத்தாறு, அதே சாப்பாட்டு மண்டபத்தில் கூட்டம். கம்பெனிக்காரர்கள், பல்கலைக்கழகத்தார், கீழ்ச்சந்துக்காரர்கள் எல்லோரும் வருகிறார்கள். உன் நோட்டுப் புத்தகத்தை முதலில் வைத்துத்தான் அறிக்கை என்கிறான் கமென். உன் பெயர் முன்னால் இருக்கும், அதற்கு உன் சம்மதம் வேண்டுமாம். அவன் தனியே எழுதுவான். பேராசிரியர் பொஷ்கோவுக்கும் எழுதியிருக்கிறான். பதில் இல்லை. பெரிய மனிதர், வயதாகிவிட்டது.

என் வாக்குமூலத்தில் கைநாட்டு வைத்துக் கொடுத்தால் போதும், நீங்கள் வரக்கூட வேண்டாம் என்று கமென் சொன்னான். முடியாது என்றேன். எந்த மண்டபத்தில் சொன்னேனோ அதே மண்டபத்தில், எழுந்து நின்று சொல்ல வேண்டும். சிரித்தால் சிரிக்கட்டும். பனயோட்டாவைப் பார்த்துச் சிரித்தாலும் சிரிக்கட்டும். அவள் தன் வீட்டில் இருந்ததில் மிக நல்லதைத்தான் உனக்குக் கொடுத்தாள். அதையும் சொல்வேன்.

நீ வர வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனால் நீ அந்த மண்டபத்தில் மறுபடி ஒரு தடவை திரும்பிப் பார்த்து, அதே கேள்வியைக் கேட்டால், எனக்குப் பதில் சொல்வது சுலபமாக இருக்கும்.

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் பெட்டி வரும். அந்தக் கூட்டம் நடந்த ஜூன் மாதத்துப் பெட்டி முந்தின வெள்ளிக்கிழமையே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. கூட்டம் முடிந்ததும் ஆலை ஜீப் வந்து அதைத் திரும்ப எடுத்துப் போனது. ஆறு பாட்டில்தான் போயின. வெள்ளை நூல் பாட்டில், கழுவி நிரப்புவதற்காகச் சமையலறைக்குப் போயிருந்தது. பனயோட்டாவுக்கு அதைத் திறக்க நேரமில்லை. அன்றிலிருந்து உப்பு ஜாடிக்குப் பின்னால் இருக்கிறது. நீ மூடிய மூடி, நீ கட்டிய முடிச்சு. கமென் கேட்டான், கொடுக்கவில்லை. அது உன் பாத்திரம்.

இந்த வீட்டிலிருந்து இதுவரை வெறும் பாத்திரம் போனதில்லை. வால்நட் வைக்கலாமா என்று இல்கா கேட்டாள், வேண்டாம் என்றேன். நீ கொடுத்த அந்த ஒன்றுமில்லாத தண்ணீரை, ஒன்றும் சேர்க்காமல், நீ கொடுத்தபடியே திருப்பித் தருகிறேன். வாங்கிக்கொள்.

உன் கைகளுக்கு ஒரு குறையும் வராமல் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும். இந்த வருஷம் வால்நட் நன்றாகக் காய்த்திருக்கிறது. உடைத்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
எழுத்துக்குப் பதிலாகத் தன் கட்டைவிரலை இங்கே வைக்கும்,
ஸ்டெரியோ பெரியப்பா.

(எழுதிய கை: இல்கா. எனக்கும் உன்னைப் பார்க்க வேண்டும். வா.)